பாகுநிலை ஓட்டமும் பாகற்ற ஓட்டமும்: எண்முறைக் கணிப்பில் இரண்டையும் இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகுநிலையை விட்டுவிட்டே கணக்கிட்டால் என்ன?

பாகுநிலை என்பது பாய்மத்தின் (திரவம் அல்லது வாயு) உள்ளுராய்வு; அதை விட்டுவிட்டு எழுதும் மாதிரியே பாகற்ற மாதிரி. பல வேளைகளில் விடுவதில் தவறில்லை. இறக்கையின் மேல் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது, ஆழ்கடலில் அலை எப்படி நகர்கிறது போன்ற கேள்விகளுக்குப் பாகற்ற மாதிரி வியக்கத்தக்க அளவு சரியான விடை தருகிறது. ஆனால் இழுவையைக் கேட்டால் அது கைவிரித்துவிடும். ஒலியைவிடக் குறைந்த சீரான வேகத்தில், எல்லையற்ற பாய்மத்தில் செல்லும் ஒரு பொருளின் மீது, சுழிப்பற்ற (பாய்மத் துணுக்குகள் தம்மைத்தாமே சுழலாத) பாகற்ற ஓட்டம் எந்த இழுவையையும் உண்டாக்குவதில்லை என்று டாலம்பேர் 1752 இல் காட்டினார். அவருக்கே அது புதிராக இருந்தது. 1904 இல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் பிராண்டல் அந்தப் புதிரை அவிழ்த்தார். பாகுநிலை எவ்வளவு சிறியதானாலும் சுவரை ஒட்டிய பாய்மம் சுவரோடு ஒட்டியே நிற்கும். ஆகவே சுவருக்கும் வெளி ஓட்டத்துக்கும் இடையே வேகம் சட்டென்று மாறும் ஒரு மெல்லிய படலம் இருந்தே தீரும். பாகுநிலையின் வேலையெல்லாம் அதற்குள்தான் நடக்கிறது. இதுவே எல்லைப்படலம். இந்தப் பக்கத்தில் பேசப்படும் எல்லா முறைகளும் அந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவை.

அப்படியானால் முழு நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளையே (பாகுநிலையையும் சேர்த்த ஓட்டச் சமன்பாடுகள்) எங்கும் தீர்த்துவிடலாமே? இன்றைய கணினிகளுக்கு அது முடியாதா?

முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள தகட்டின் மேல் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று செல்வதாகக் கொள்வோம். பாகுநிலையோடு ஒப்பிட்டு ஓட்டத்தின் வலிமையைச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 33 இலட்சம். கொந்தளிப்பு (ஒழுங்கற்றுச் சுழலும்) எல்லைப்படலத்தின் தடிமன் தகட்டின் முடிவில் சுமார் 18 மில்லிமீட்டர். சுவர் உராய்வைச் சரியாகப் பிடிக்க, வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையில் (மெஷ்) சுவரை ஒட்டிய முதல் செல்லின் உயரம் சுமார் 8 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். அதே கணக்கில் வெளி எல்லை பல பத்து மீட்டர் தொலைவில் நிற்கும். எட்டு மைக்ரோமீட்டரில் தொடங்கிப் பல பத்து மீட்டரில் முடியும் மெஷ்ஷில், பல செல்கள் பாகுநிலைக்கு வேலையே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஒரு வடிவத்தை ஒரு முறை கணக்கிடுவதானால் இந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் ஆயிரம் வடிவங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்போதும், கடலில் மூன்று மணி நேரப் புயலைக் கணக்கிட வேண்டியிருக்கும்போதும் முடியாது. செலவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. என் கணிப்பில் அதுவே பெரியது. தொலைவில் உள்ள பருமட்டான மெஷ், இயற்கையில் இல்லாத ஒரு தேய்மானத்தைத் தானே உண்டாக்கிவிடுகிறது. நீரில் 10 நொடி அலைவுக்காலம் கொண்ட அலையின் வீச்சு, பாகுநிலையால் மட்டும் தேய்வதானால், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். அதே அலையைச் சாதாரண மெஷ்ஷில் முழுச் சமன்பாடுகளைக் கொண்டு ஓடவிட்டால், சில பத்து அலைநீளங்களுக்குள் வீச்சு கண்கூடாகக் குறைந்துவிடுவது வழக்கமான அனுபவம். பாகுநிலையைச் சேர்த்துக்கொண்ட மாதிரி, அங்கே பாகற்ற மாதிரியைவிடத் தவறான விடையைத் தருகிறது.

இணைப்பில் எத்தனை வகை உண்டு?

வேலைக்கு உதவும் வகையில் மூன்றாகப் பார்க்கலாம். முதலாவது, படல இணைப்பு: வெளி ஓட்டத்தைப் பாகற்றதாகவும் சுவரோரப் படலத்தை எல்லைப்படலச் சமன்பாடுகளாலும் தீர்த்து, இரண்டும் ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு எல்லை நிபந்தனையாகக் கொடுக்கும். இரண்டாவது, மண்டல இணைப்பு: வெளியைக் கோடு போட்டுப் பிரித்து, உள்ளே நேவியர்–ஸ்டோக்ஸ், வெளியே ஆய்லர் (பாகற்றது, சுழிப்பை ஏற்பது) அல்லது பொட்டென்ஷியல் (பாகற்றது, சுழிப்பும் அற்றது) சமன்பாடு. மூன்றாவது, பிரித்துக் கூட்டும் முறை: மொத்தத் திசைவேகத்தை "அறிந்த பாகற்ற பகுதி, அறியாத திருத்தப் பகுதி" என இரண்டாகப் பிரித்து, திருத்தத்தை மட்டும் மெஷ்ஷில் தீர்ப்பது. கப்பல் மீது மோதும் அலைகளுக்கு இந்த மூன்றாவது வகை நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் திருத்தம் கப்பலைவிட்டு விலக விலக மறைந்துவிடும். தொலைவில் மெஷ் பருமட்டாக இருந்தாலும் அலைக்குக் கேடில்லை. கீழே முதல் இரண்டு வகைகளைப் பற்றியே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சிக்கல்கள் அங்கேதான் அதிகம்.

எல்லைப்படலம் இருப்பது வெளி ஓட்டத்துக்கு எப்படித் தெரியும்?

படலத்துக்குள் பாய்மம் மெதுவாகச் செல்வதால், அது கடத்த வேண்டிய அளவை முழுவதும் கடத்துவதில்லை. மிச்சம் வெளியே தள்ளப்படுகிறது. சுவர் சற்றுத் தடித்துவிட்டதைப் போல வெளி ஓட்டம் விலகிச் செல்கிறது. அந்தக் கற்பனைத் தடிப்பே இடப்பெயர்ச்சித் தடிமன். மேலே சொன்ன தகட்டின் முடிவில், படலம் அடுக்குச்சீராகவே (அடுக்கடுக்காக, கொந்தளிப்பின்றி) இருந்தால் அது 0.94 மில்லிமீட்டர்; கொந்தளிப்பாக இருந்தால் சுமார் 2.3 மில்லிமீட்டர்.

இதைக் கணிப்பில் சேர்க்க இரண்டு வழிகள். சுவரின் வடிவத்தையே அந்த அளவு தடிக்கச் செய்து மெஷ்ஷைத் திரும்ப வரையலாம். அல்லது லைட்ஹில் 1958 இல் விளக்கியபடி, சுவரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் வழியே சிறிது பாய்மம் வெளியே ஊறுவதாகக் கொள்ளலாம். ஊறும் வேகம், விளிம்பு வேகத்தையும் (படலத்தின் வெளி விளிம்பில் உள்ள வேகம்) இடப்பெயர்ச்சித் தடிமனையும் பெருக்கி வரும் அளவு, சுவர் வழியே எந்த வீதத்தில் மாறுகிறதோ அந்த வீதம். நம் தகட்டின் முடிவில் கொந்தளிப்பு நிலையில் இது நொடிக்கு 9 சென்டிமீட்டர். வெளி ஓட்டத்தின் 50 மீட்டரோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனாலும் இறக்கையின் ஏற்றவிசையில் பாகுநிலை செய்யும் மாற்றத்தில் பெரும்பங்கு இந்தச் சிறு ஊற்றின் வழியேதான் வெளி ஓட்டத்துக்குள் வருகிறது. நடைமுறையில் ஊறல் முறையே நல்லது: மெஷ் மாறுவதில்லை, பேனல் முறையில் (மேற்பரப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பாகற்ற ஓட்டத்தைத் தீர்ப்பது) சமன்பாடுகளின் அணியை ஒரு முறை தலைகீழாக்கினால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் மட்டுமே மாறும்.

வெளி ஓட்டத்தைத் தீர்த்து அழுத்தத்தைப் படலத்துக்குக் கொடுத்தேன்; படலத்தைத் தீர்த்து தடிமனை வெளி ஓட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். சில சுற்றுகள் நன்றாக ஓடியது, தாக்குகோணத்தை (ஓட்டத்துக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டியதும் நின்றுவிட்டது. நிரலில் பிழையா?

பெரும்பாலும் பிழையில்லை. நீங்கள் கோல்ட்ஸ்டீன் சிறப்புப்புள்ளியில் மோதியிருக்கிறீர்கள். அழுத்தத்தை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு நிலையான எல்லைப்படலச் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே போனால், சுவர் உராய்வு சுழியாகும் பிரிவுப் புள்ளியில் (ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும் இடம்) தீர்வு முறிந்துவிடும் என்று கோல்ட்ஸ்டீன் 1948 இல் காட்டினார். அந்தப் புள்ளியை நெருங்கும்போது சுவர் உராய்வு, மீதமுள்ள தூரத்தின் வர்க்கமூலத்தைப் போலக் குறைகிறது. தடிமனின் சரிவு எல்லையின்றி ஏறுகிறது. அதற்கப்பால் தொடர வழியில்லை.

இதை எண்களோடு பார்ப்பது பயனுள்ளது. படலத்தின் தடிமன் முழுவதையும் தொகுத்துக் கணக்கிடும் தொகைநிலை முறைகளில் படலத்தின் வேகப் பரவலை இரண்டு எண்கள் விவரிக்கின்றன. ஒன்று வடிவக் காரணி: இடப்பெயர்ச்சித் தடிமனுக்கும், படலம் இழந்த உந்தத்தை அளக்கும் உந்தத் தடிமனுக்கும் உள்ள விகிதம். மற்றது ஆற்றல் வடிவக் காரணி: இயக்க ஆற்றல் தடிமனுக்கும் உந்தத் தடிமனுக்கும் உள்ள விகிதம். அடுக்குச்சீர் படலத்தில் முதலாவதைக் கொண்டு இரண்டாவதைத் தரும் ட்ரேலா–கைல்ஸ் தொடர்பு எளியது: வடிவக் காரணியிலிருந்து 4 ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, வடிவக் காரணியால் வகுத்து, 0.076 ஆல் பெருக்கி, 1.515 ஐக் கூட்ட வேண்டும். வடிவக் காரணி 4 ஐத் தாண்டினால் 0.076 க்குப் பதில் 0.040. தட்டையான தகட்டுக்குரிய பிளாசியஸ் தீர்வில் வடிவக் காரணி 2.59, சூத்திரம் 1.573 தருகிறது, அது சரியான மதிப்பு. வடிவக் காரணி 3.9 க்கு ஏறும்போது விடை 1.5152 ஆகிவிடுகிறது. 4 இல் அது 1.515, அதற்குப் பிறகு மறுபடியும் ஏறத் தொடங்குகிறது.

இப்போது நேர்முறைச் சுற்று (நீங்கள் செய்ததைப் போல அழுத்தத்தைக் கொடுத்துத் தடிமனைக் கேட்பது) என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அழுத்தம் கையில் இருக்கிறது. ஆற்றல் சமன்பாடு ஆற்றல் வடிவக் காரணியின் அடுத்த மதிப்பைச் சொல்கிறது. அதிலிருந்து வடிவக் காரணியைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். 1.5152 என்று வந்தால் அதற்கு 3.90, 4.14 என்று இரு விடைகள் உண்டு. ஒன்று ஒட்டிய ஓட்டம், மற்றது பிரிந்த ஓட்டம். 1.5149 என்று வந்துவிட்டால் விடையே இல்லை. வளைவின் அடிப்பள்ளத்தில் வகைக்கெழு சுழியாவதால், வகுக்கும் இடத்தில் சுழி வந்து நிற்கிறது. தாக்குகோணத்தைக் கூட்டக் கூட்ட எதிர் அழுத்தச் சரிவு கூடுகிறது, ஏதோ ஒரு புள்ளியில் இந்தப் பள்ளத்தைத் தொட்டே ஆகும். மெஷ்ஷை நெருக்கினால் நிலைமை மோசமாகும், ஏனெனில் நெருக்கமான மெஷ் அந்த முறிவை இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

பிரிவே இல்லாத ஓட்டத்திலும் நேர்முறைச் சுற்று நொறுங்கக்கூடும். ஒலிக்குக் குறைந்த வெளி ஓட்டம், தடிமனில் உள்ள சிறு நெளிவுகளுக்கு அவற்றின் அலையெண்ணுக்கு ஏற்பப் பதிலளிக்கிறது. நெளிவு எவ்வளவு குறுகியதோ பதில் அவ்வளவு பெரிது. மெஷ் நெருங்க நெருங்க அது தாங்கும் மிகக் குறுகிய நெளிவும் குறுகுவதால், சுற்றுக்குச் சுற்று அந்த நெளிவு பெருகும். ஒவ்வொரு சுற்றின் திருத்தத்தில் எத்தனை பங்கை ஏற்பது என்னும் தளர்வுக் காரணியை வெட்டித்தான் அதை அடக்க முடியும், பிறகு குவிதல் (விடை ஒரே மதிப்பில் நிலைகொள்வது) நத்தை வேகத்தில் நடக்கும்.

தலைகீழ் முறை இதைத் தீர்க்கிறதா?

பாதி தீர்க்கிறது. கேதரால், மாங்ளர் இருவரும் 1966 இல் அழுத்தத்தைக் கொடுப்பதற்குப் பதில் இடப்பெயர்ச்சித் தடிமனைக் கொடுத்து அழுத்தத்தை விடையாகப் பெற்றார்கள். பிரிவுப் புள்ளியைச் சிறப்புப்புள்ளி எதுவும் இல்லாமல் கடந்து சென்றார்கள். சமன்பாடுகள் மாறவே இல்லை. எது கொடுக்கப்பட்டது, எது கேட்கப்பட்டது என்பது மட்டுமே மாறியது. இந்தத் துறை முழுவதையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: முறிவு இருந்தது பாய்மத்தில் இல்லை, நாம் கேள்வி கேட்ட திசையில்.

ஆனால் வெளி ஓட்டத்தையும் தலைகீழாகத் தீர்ப்பது சிரமம். பெரும்பாலான பாகற்ற நிரல்கள் வடிவத்தைக் கொடுத்து அழுத்தத்தைக் கேட்கத்தான் எழுதப்பட்டவை. ஆகவே 1970களின் இறுதியில் லெ பல்லரும் கார்ட்டரும் அரைத்தலைகீழ் முறையைக் கொண்டுவந்தார்கள். தடிமனுக்கு ஒரு ஊகம். அதைக் கொண்டு படலத்தைத் தலைகீழாகவும் வெளி ஓட்டத்தை நேராகவும் தீர்த்தால் விளிம்பு வேகத்துக்கு இரண்டு மதிப்புகள் கிடைக்கும். கார்ட்டரின் விதிப்படி, படலம் தந்த வேகத்துக்கும் வெளி ஓட்டம் தந்த வேகத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதைத் தளர்வுக் காரணியால் பெருக்கி அந்த அளவுக்குத் தடிமனைத் திருத்த வேண்டும். எழுத எளிது, இருக்கும் நிரல்களைத் தொடாமல் சேர்க்கலாம். நன்றாக ஒட்டிய ஓட்டத்தில் மட்டும் மந்தமாகக் குவியும், ஏனெனில் அங்கே இயற்கையான திசை நேர்த்திசைதான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் தீர்ப்பது என்றால் என்ன பொருள்? அதுதான் சிறந்ததா?

ஒட்டிய ஓட்டத்தில் வெளி ஓட்டம் கட்டளையிடுகிறது, படலம் கேட்கிறது. பெரிதாகப் பிரிந்த இடத்தில் படலம் கட்டளையிடுகிறது. பிரிவை ஒட்டிய குறுகிய பகுதியில் எவருக்கும் மேலாதிக்கம் இல்லை. அழுத்தமும் தடிமனும் ஒன்றையொன்று உடனுக்குடன் நிர்ணயிக்கின்றன. இதற்கான கணித அடிப்படையை 1969, 1970 ஆண்டுகளில் ஸ்டூவர்ட்சன், நெய்லாண்ட், மெஸ்ஸிட்டர் ஆகியோர் தனித்தனியே உருவாக்கிய மூவடுக்குக் கோட்பாடு தந்தது. அந்தப் பகுதியின் நீளம் ரெனால்ட்ஸ் எண்ணின் −3/8 அடுக்குக்கு நேர்விகிதம்; சுவரை ஒட்டிய கீழடுக்கின் தடிமன் −5/8 அடுக்குக்கு. இரண்டில் எதையும் முதலில் தீர்க்க முடியாது என்பதே அதன் சாரம்.

இதை எண்முறையில் செயல்படுத்த இரண்டு வழிகள் நிலைத்துவிட்டன. ஒன்று முழு ஒருங்குத் தீர்வு: வெளி ஓட்டம், படலம் ஆகிய எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே அணியில் போட்டு நியூட்டன் முறையில் தீர்ப்பது. ட்ரேலாவும் கைல்ஸும் 1980களில் இந்த வழியில் சென்றார்கள். இறக்கை வெட்டுமுகங்களைக் கணக்கிடும் எக்ஸ்ஃபாயில் நிரலும் இதே குடும்பம். பேனல் முறையில் விளிம்பு வேகம் ஊற்றுகளின் நேரியல் கூட்டலாக இருப்பதால், வெளி ஓட்டம் முழுவதும் ஓர் அணிக்குள் அடங்கிவிடுகிறது; சுமார் 160 பேனல்களுடன் ஒரு தாக்குகோணம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

மற்றது வெல்ட்மன் 1981 இல் முன்வைத்த ஏறத்தாழ ஒருங்குத் தீர்வு. வெளி ஓட்ட நிரல் மிகப் பெரியது, அதன் உள்ளே கைவைக்க முடியாது என்னும் நிலையில் இதுவே எனக்கு விருப்பமான வழி. வெளி ஓட்டம் தடிமனுக்கு எப்படிப் பதிலளிக்கும் என்பதை மெல்லிய இறக்கைக் கோட்பாட்டின் எளிய தொகைச் சூத்திரத்தால் தோராயமாக எழுதி, அந்தத் தோராயத்தைப் படலச் சமன்பாடுகளோடு சேர்த்து ஒரே நேரத்தில் தீர்க்கிறோம். உண்மையான வெளி ஓட்டம் சுற்றுக்கு ஒரு முறை திருத்தத்தை மட்டும் தருகிறது. இதில் ஓர் அழகு உண்டு. தோராயச் சூத்திரம், புதிய சுற்றுக்கும் பழைய சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டின் மீது மட்டுமே செயல்படுகிறது. குவிந்ததும் அந்த வேறுபாடு சுழியாகிவிடுவதால், தோராயத்தின் தவறு இறுதி விடையில் ஒட்டுவதில்லை. குவியும் வேகத்தை மட்டுமே அது பாதிக்கிறது.

பின்விளிம்புக்குப் பிறகு சுவரே இல்லையே. அங்கே என்ன செய்வது?

இரு பக்கப் படலங்களும் சேர்ந்து பின்தடமாகத் தொடர்கின்றன. அங்கே சுவர் உராய்வைச் சுழியாக்கி அதே சமன்பாடுகளைத் தொடர வேண்டும், பின்தடத்தின் நடுக்கோட்டில் ஊற்றுகளையும் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பின்விளிம்போடு நிறுத்திக்கொண்டால் ஏற்றவிசை சற்றுத் தவறும், இழுவை அதிகமாகத் தவறும். இழுவையைச் சுவரழுத்தத்தைத் தொகுத்துக் கணக்கிடாதீர்கள். அது இரண்டு பெரிய எண்களின் சிறு வேறுபாடு. பின்தடத்தின் தொலைவில் உள்ள உந்தத் தடிமனிலிருந்து ஸ்கொயர்–யங் சூத்திரத்தால் கணக்கிடுவதே நம்பத்தகுந்தது.

மண்டல இணைப்பில் கோட்டை எங்கே போடுவது?

பாகுநிலை விசைகள் அற்பமான இடத்தில் என்பது பாடப்புத்தக விடை. நடைமுறையில் கேட்க வேண்டியது வேறு: கோட்டைத் தாண்டிச் சுழிப்பு போகிறதா? வெளி மண்டலம் ஆய்லர் சமன்பாடு என்றால் சுழிப்பு உள்ளே நுழைந்து பயணிக்கலாம், தடையில்லை. வெளி மண்டலம் பொட்டென்ஷியல் ஓட்டம் என்றால், அதில் சுழிப்புக்கு இடமே கிடையாது. ஒரு சுழல் கோட்டை வந்தடையும்போது அதைப் பெற்றுக்கொள்ள அந்தப் பக்கம் எதுவும் இல்லை. சுழல் கோட்டில் மோதிப் பொய்யான அழுத்த அலையாகத் திரும்பி வரும். ஆகவே பொட்டென்ஷியல் மண்டலம் எதிரோட்டத்திலும் பக்கங்களிலும் பொருளை நெருங்கி இருக்கலாம். கீழோட்டத்தில் பின்தடம் வெளியேறும் வழியைத் திறந்துவிட வேண்டும், அல்லது பின்தடத்தைச் சுழல் தகடாக வெளி மண்டலத்தில் தனியே வைக்க வேண்டும். சதுரப் பெட்டியை வரைந்து பொருளை நடுவில் வைப்பது எல்லோரும் முதலில் செய்யும் தவறு.

கோட்டில் எந்தெந்த அளவுகளைச் சமப்படுத்த வேண்டும்? எல்லாவற்றையும் சமப்படுத்தினால் பாதுகாப்புதானே?

பாதுகாப்பில்லை. இரு பக்கச் சமன்பாடுகளும் கேட்கும் நிபந்தனைகளின் எண்ணிக்கையே வேறு. முப்பரிமாணத்தில் ஒலிக்குக் குறைந்த அமுக்குறு ஓட்டத்துக்கு, ஆய்லர் சமன்பாடு உள்வரும் எல்லையில் 4 நிபந்தனைகளையும் வெளியேறும் எல்லையில் 1 நிபந்தனையையும் கேட்கிறது. நேவியர்–ஸ்டோக்ஸ் முறையே 5, 4 கேட்கிறது. தேவைக்கு மேல் திணித்தால் தீர்வு அலைபாயும்.

எந்த விதி எப்போது என்பதை ஒரு பரிமாண மாதிரியில் தெளிவாகக் காணலாம். ஒரு பக்கம் கடத்தலும் பரவலும், மறுபக்கம் கடத்தல் மட்டும். கோட்டின் குறுக்கே மொத்தப் பாயம் (கடந்து செல்லும் அளவு) எப்போதும் சமமாக இருக்க வேண்டும். அது அழிவின்மை விதி. ஓட்டம் பாகுநிலைப் பக்கத்திலிருந்து பாகற்ற பக்கத்துக்குப் போனால், பாகற்ற பக்கத்துக்குத் தொடக்க மதிப்பு வேண்டும், ஆகவே மதிப்பும் சமமாக இருக்க வேண்டும். விளைவாகப் பரவல் பாயம் கோட்டில் சுழியாகும். ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தால், பாகற்ற பக்கத்தின் மதிப்பை ஓட்டம் வரும் பக்கமே முடிவு செய்துவிடுகிறது. பாயச் சமம் மட்டும் போதும், மதிப்பில் சிறு தாவல் இருந்தாலும் குற்றமில்லை. அந்தத் தாவலைக் கண்டு பிழை என்று நினைத்து மதிப்பையும் சமப்படுத்த முயல்பவர்கள், சரியாக இருந்த நிரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உள் மண்டலத்தில் அழுத்தச் சமன்பாட்டின் மீதி (இன்னும் தீராமல் நிற்கும் பிழை) ஓர் அளவுக்கு மேல் இறங்க மறுக்கிறது. ஏன்?

அமுக்கமுடியாப் பாய்மத்தை உள் மண்டலத்தில் தீர்த்து, அதன் எல்லை முழுவதிலும் வெளி மண்டலத்தின் திசைவேகத்தைத் திணித்திருப்பீர்கள். அப்போது உள்ளே நுழையும் மொத்த அளவும் வெளியேறும் மொத்த அளவும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. வெளி ஓட்டம் தன்னளவில் சமநிலையில் இருந்தாலும், அதை உள் மெஷ்ஷின் முகங்களுக்கு இடைக்கணிக்கும்போது பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறு எளிதாக நுழைந்துவிடும். மீதியும் அந்த அளவிலேயே நின்றுவிடும், எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் சரி.

தீர்வு எளிது. எல்லை முகங்களின் பாயங்களைக் கூட்டி, மிகுந்த அளவை முகப்பரப்புக்கு ஏற்ப எல்லா முகங்களிலிருந்தும் கழித்துவிடலாம். இரு பரிமாணமானால் இன்னும் நேர்த்தியான வழி உண்டு: திசைவேகத்தை இடைக்கணிக்காமல் ஓட்டச் சார்பை முகங்களின் முனைகளில் இடைக்கணித்து, இரு முனை மதிப்புகளின் வேறுபாட்டை முகத்தின் பாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையைச் சுற்றிவரும்போது கூட்டல் தானாகவே சுழியாகும்.

கால அடிகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

தேவையில்லை; ஆனால் இடைக்கணிப்பில் ஒரு பொறி உண்டு. 10 நொடி அலைக்கு வெளி நிரல் 0.1 நொடி அடியிலும் உள் நிரல் 0.002 நொடி அடியிலும் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டு வெளி மதிப்புகளுக்கு நடுவே நேர்கோட்டு இடைக்கணிப்பு செய்தால் திசைவேகத்தில் தவறு அதிகபட்சம் வீச்சின் 0.05 விழுக்காடுதான். பார்த்தால் போதுமானது போலிருக்கும். ஆனால் முடுக்கம் ஒவ்வொரு 0.1 நொடிக்கும் படிப்படியாகத் தாவுகிறது. தாவல் உச்ச முடுக்கத்தின் 6 விழுக்காடு வரை போகும். அமுக்கமுடியாப் பாய்மத்தில் எல்லையின் முடுக்கம் அழுத்தத்தில் உடனே எதிரொலிப்பதால், அழுத்த வரைபடத்தில் 0.1 நொடிக்கு ஒரு படி தெரியும். அதை உண்மையான மோதல் விசை என்று எண்ணி விளக்கம் தேடி ஒரு வாரம் செலவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. முப்படி இடைக்கணிப்புக்கு மாறியதும் படிகள் மறைந்தன.

ஒருவழி இணைப்பு போதுமா, இருவழி வேண்டுமா?

பொருளிலிருந்து திரும்பும் தாக்கம் கோட்டை அடையும்போது அற்பமாகிவிடுமானால் ஒருவழி போதும். மெல்லிய தூணின் மீது அலை மோதும் கணக்குகளில், உள் மண்டலத்தின் ஓரத்தில் சுமார் ஓர் அலைநீள அகலத்துக்குத் தளர்வுப் பட்டை வைத்து, அங்கே உள் தீர்வைப் படிப்படியாக வெளித் தீர்வின் பக்கம் இழுத்துவிட்டால், தூணில் பட்டுத் திரும்பும் அலைகள் பட்டையில் கரைந்துவிடும். பொருள் பெரிதாகி அலையையே திருப்பிவிடும் அளவுக்கு வந்தால் இருவழி வேண்டும். அப்போது மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அகலம் கூடினால் குவிதல் விரைவாகும், செலவும் கூடும்.

அடுக்குச்சீர் ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் இடத்தை யார் சொல்வது?

படல மாதிரிதான். எக்ஸ்ஃபாயில் போன்ற நிரல்கள், படலத்தில் எழும் சிறு அலைகளின் வளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வந்து, வளர்ச்சியின் இயல் மடக்கை வழக்கமாக 9 ஐத் தொட்டதும் மாறியதாகக் கொள்கின்றன. காற்றோட்டம் அமைதியற்றதாக இருந்தால் இந்த எண்ணைக் குறைக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் சில இலட்சம் அளவில் இருக்கும்போது முழு விடையும் இந்த ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எழுதிய நிரல் சரி என்று எப்படி நம்புவது?

எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் இணைப்பைத் துண்டித்து பிளாசியஸ் தகட்டைத் தீர்த்துப் பாருங்கள். வடிவக் காரணி 2.59 வரவேண்டும். பிறகு இணைப்போடு முடிவுள்ள தகட்டைத் தீருங்கள். அதன் இரு பக்கங்களின் உராய்வையும் பின்விளிம்பின் தாக்கத்தையும் மூவடுக்குக் கோட்பாடு சொல்கிறது: ஒரு பக்கத்தின் உராய்வுக் கெழு, 1.328 ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவோடு, சுமார் 2.67 ஐ அந்த எண்ணின் 7/8 அடுக்கால் வகுத்த அளவைக் கூட்டியது. ரெனால்ட்ஸ் எண் 100 இல் முதல் உறுப்பு 0.133, இரண்டாவது 0.047, இணைப்பில்லாத நிரல் இரண்டாவதை முழுவதும் தவறவிடும், ஆகவே சோதனை கூர்மையானது. அடுத்து கார்ட்டர், வோர்னம் ஆகியோரின் பள்ளம்: ரெனால்ட்ஸ் எண் 80,000 இல், 0.03 அளவு ஆழமுள்ள ஒரு மென்மையான குழிவு கொண்ட தகடு. ஓட்டம் குழிவில் பிரிந்து மீண்டும் ஒட்டும். நேர்முறைச் சுற்று இதில் நின்றுவிடும், மற்றவை கடந்து செல்லும். இவை மூன்றும் சரியான பிறகே நாகா 0012 என்னும் இறக்கை வெட்டுமுகத்துக்குப் போங்கள்.

எந்த இடத்தில் படல இணைப்பைக் கைவிட்டு முழுச் சமன்பாடுகளுக்கு மாற வேண்டும்?

படலம் மெல்லியது என்ற எடுகோள் உடையும் இடத்தில். இறக்கை முழுவதுமாக ஓட்டத்தை இழந்த நிலை, உருளை போன்ற மழுங்கிய வடிவங்கள், இறக்கையும் உடலும் சேரும் மூலைகள், வலிமையான அதிர்ச்சியலை படலத்தைப் பிய்த்தெறியும் இடம் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். ஓட்டத்தை இழக்கும் கோணத்தை நெருங்கும்போது நிரல் குவிந்துகொண்டுதான் இருக்கும், ஏற்றவிசை வளைவும் அழகாக மடங்கும்; ஆனால் உச்ச ஏற்றவிசையைச் சோதனையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கூடுதலாகச் சொல்லியிருக்கும். பிரிந்த பகுதி நாணின் (இறக்கையின் முன்பின் நீளம்) பாதியைத் தாண்டியதாக நிரலே காட்டினால், அதற்கு மேல் வரும் எண்களை வரைபடத்தில் புள்ளிக்கோடாக வரைவது என் வழக்கம்.